ஹைட்ரஜன் அணுவும் அயனியாக்க ஆற்றலும்

அணுக்கள் அனைத்தினும் எளியது ஹைட்ரஜன் அணு. நடுவே புரோட்டான் ஒன்று அமைய, எலக்ட்ரான் ஒன்று அதனாற் பிணிப்புண்டு நிற்கின்றது. அப்பிணிப்பினின்று எலக்ட்ரானை முற்றும் விடுவித்தற்கு வேண்டுவதையே அயனியாக்க ஆற்றல் என்பர். அதனைக் கணித்தறியுமாறு யாதென ஈண்டுச் சிறிது ஆராய்வாம். கணக்கென்றால் அஞ்சும் தமிழ் மாணவராகிய எமக்கே இது விளங்கிற்றாகலின், பிறர்க்கு விளங்குமென்பதில் ஐயமில்லை.

அணுவிற் கட்டுண்ட எலக்ட்ரான் எவ்வளவு ஆற்றலோடும் இருத்தல் இயலாது. குறித்த சில நிலைகளிலேயே நிற்கும். இதனை 1913-ஆம் ஆண்டில் டென்மார்க்கு நாட்டறிஞர் நீல்ஸ் போர் எடுத்துரைத்தார். நிலையின் எண்ணை அதனாலேயே பெருக்கி, வந்த தொகையால் 13.6-ஐ வகுத்து, முன்னே கழித்தற்குறி இடுக. எலக்ட்ரான்-வோல்ட்டு என்னும் அளவில் அந்நிலையின் ஆற்றல் கிடைக்கும். முதல் நிலைக்கு −13.6, இரண்டாவதற்கு −3.4, மூன்றாவதற்கு −1.51.

இக்கழித்தற்குறி எம்மை நெடுநாள் மயக்கிற்று. ஒன்றுமில்லாமையினும் குறைந்த ஆற்றல் உண்டோ? கிணற்றை நினைந்த பின்னரே தெளிந்தோம். தரைமட்டத்தைப் பூச்சியம் எனக் கொண்டால், உள்ளிருப்பன யாவும் அதற்குக் கீழல்லவா? விடுபட்டு அசைவற்று நிற்கும் எலக்ட்ரானுக்குப் பூச்சியம். ஆகவே முதல் நிலையினின்று அதனை வெளியேற்ற 13.6 வேண்டும், இரண்டாம் நிலையினின்று 3.4 போதும். ஆனால் இக்கிணற்றின் படிகள் ஒத்த உயரத்தன அல்ல. முதற்படியினின்று அடுத்ததற்கு ஏறவே 10.2, அஃதாவது முழு ஆழத்தில் முக்காற்பங்கு, செலவாகின்றது. மேலே செல்லச் செல்லப் படிகள் நெருங்குகின்றன. தேர்வில் விடை 10.2 என எழுதுவோர், இரண்டாம் படியில் நின்றுகொண்டே கரையேறிவிட்டதாக எண்ணியவராவர்.

இனி எம்மை வியப்பித்த செய்தி ஒன்று. 1885-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில், பெண்கள் பள்ளியொன்றிற் கணிதம் கற்பித்த பால்மர் என்பார், தம் அறுபதாம் அகவையில், ஹைட்ரஜன் ஒளியின் நான்கு நிறக்கோடுகளை ஆராய்ந்தார். 3645.6 ஆங்ஸ்ட்ராம் என்னும் ஓரளவை எளிய பின்னங்களாற் பெருக்கின், அந்நான்கின் அலைநீளங்களும் வருதல் கண்டார். எலக்ட்ரான் அறியப்பட்டதோ 1897-இல். நீல்ஸ் போர் பிறந்ததே அந்த 1885-இல்தான். தாம் கண்ட எண்ணின் பொருளை அறியாமலே பால்மர் 1898-இல் மறைந்தார்.

மேனிலைகளினின்று எலக்ட்ரான் இரண்டாம் நிலைக்கு இறங்குங்கால் அக்கோடுகள் பிறக்கின்றன என்பதும், அவ்வரிசை நெருங்கிச் சென்று முடியும் எல்லையே அவ்வெண் என்பதும் பின்னர்ப் புலனாயின. ஆங்ஸ்ட்ராமில் அளந்த அலைநீளத்தால் 12398-ஐ வகுத்தால், அவ்வொளித்துகளின் ஆற்றல் எலக்ட்ரான்-வோல்ட்டில் வரும். தாளெடுத்து 3645.6-ஆல் வகுத்துப் பார்த்தோம். 3.4 வந்தது. நான்காற் பெருக்கினோம், 13.6.