கணையத்தில் கல்

மேல்வயிறு வலித்தால் மருந்துக்கடையில் முதலில் கைக்கு வருவது ‘கேஸ்’ மாத்திரைதான். பெரும்பாலோருக்கு அதுவே போதும். ஆனால் சாப்பிட்டதும் வலி முதுகுவரை துளைத்துக்கொண்டு போய், முன்னால் குனிந்து உட்கார்ந்தால்தான் சற்று அடங்குகிறது என்றால், கணையத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இரைப்பைக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும், ஏறத்தாழ 15 செ.மீ. நீள உறுப்பு அது. இன்சுலினும் செரிமான நொதிகளும் அங்கே சுரக்கின்றன. டிரிப்சின் என்ற நொதி குடலுக்குப் போன பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். முந்திக்கொண்டால் கணையத்தையே அரிக்கும்.

இப்படி வரும் கணைய அழற்சி என்றதும் “குடிப்பீங்களா?” என்று கேட்பார்கள். தென்னிந்தியாவில் அந்தக் கேள்வி பலருக்கு அநியாயம். கேரளத்தில் மருத்துவர் கீவர்கீஸ் 1960களில் விவரித்த நோயாளிகள் பலர் மதுவைத் தொடாத இளவயதினர். சிறுவயதிலேயே வலி, பிறகு சர்க்கரை நோய், கணைய நாளத்தில் கற்கள். மரவள்ளிக்கிழங்கின் மேல் பழி விழுந்தது, நிரூபணமாகவில்லை. பின்னாளில் இந்திய நோயாளிகள் பலரிடம் ‘ஸ்பிங்க்1’ மரபணுவில் மாற்றம் தெரிந்தது. டிரிப்சினை அடக்கிவைக்கும் புரதம் அந்த மரபணுவிலிருந்துதான் வருகிறது.

நாள்பட்ட நோயில் ரத்தத்தில் அமைலேஸ் அளவு இயல்பாகவே இருக்கலாம். அந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பித் திரும்பிவிடக் கூடாது. கற்கள் சில சமயம் சாதாரண எக்ஸ்ரேயிலேயே தெரியும். சி.டி. ஸ்கேன் கல்லையும், எம்.ஆர்.ஐ. நாளத்தின் விரிவையும் காட்டும். புற்றுநோயோ என்ற ஐயம் வந்தால், எண்டோஸ்கோப்பி முனையில் அல்ட்ராசவுண்டு வைத்து, ஊசியால் திசுவை எடுத்துப் பார்ப்பார்கள்.

சிகிச்சையில், அதிர்வலையால் கல்லை உடைத்து எண்டோஸ்கோப்பி வழியே எடுப்பதும் உண்டு. நாளம் நன்றாக விரிந்திருந்தால் அறுவைசிகிச்சை செய்யலாம். மீனை வகிர்வதுபோல் கணையத்தின் முன்புறத்தை நீளவாக்கில் திறந்து, கற்களை நீக்கி, சிறுகுடலின் ஒரு வளையத்தை அந்தத் திறப்பின் மேலேயே தைத்துவிடுவார்கள். அடைபட்ட சாறு நேராகக் குடலில் வடியும். அறுவைசிகிச்சை மருத்துவர்கள் பார்ட்டிங்டனும் ரோஷெலும் 1960இல் வெளியிட்ட முறை இது. கணையத்தின் தலைப்பகுதி தடித்திருந்தால் அதையும் குடைந்தெடுப்பது ஃப்ரே என்ற மருத்துவர் பின்னர் தந்த திருத்தம்.

கத்தியைக் கடைசிவரை தள்ளிப்போடுவதுதான் விவேகம் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் நெதர்லாந்தில் 88 நோயாளிகளிடம் நடந்து 2020இல் வெளியான ஆய்வில், முன்கூட்டியே அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களுக்கே வலி குறைவாக இருந்தது. ஆனாலும் கெட்டுப்போன திசு அறுவைசிகிச்சையால் மீளாது. சாப்பாட்டோடு நொதி மாத்திரையும் சர்க்கரைக்கான சிகிச்சையும் பலருக்கு அதன் பிறகும் தொடரும்.