‘பிக்கப்’புக்கு எத்தனை அர்த்தம்? நாமக்கல் ரோட்டில் ஓடும் இங்கிலீஷ் பாடம்!

‘எனக்கு இங்கிலீஷ் வராதுங்க’ என்று சொல்பவர்கள்கூட நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் சாதாரணமாகப் பயன்படுத்தும் வார்த்தை ‘பிக்கப்’.

“லோடு ஏத்துனா வண்டியில பிக்கப் இல்லைங்கண்ணா” என்பார் லாரி டிரைவர். “புரட்டாசி முடியட்டும், யாவாரம் பிக்கப் ஆயிரும்” என்பார் முட்டை வியாபாரி. “எத்தனை தடவை அடிச்சாலும் போனை பிக்கப் பண்ண மாட்டேங்கறான்” என்று மகனைத் திட்டுவார் அம்மா. “சேலம் ஜங்ஷன்ல இறங்கு, நான் பிக்கப் பண்ணிக்கறேன்” என்பார் அப்பா. முட்டை ஏற்றிப்போகும் சின்ன வண்டிக்குப் பெயரே பிக்கப்தான்.

ஒரே வார்த்தை, ஐந்து அர்த்தம். யாருக்கும் குழப்பம் இல்லை. ஆனால், அதே வீட்டில் தமிழ் மீடியத்தில் படித்து, முதன்முதலாக கம்பெனி இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளையிடம் “லெட்ஸ் பிக் திஸ் அப் ஆன் மண்டே” என்று சொன்னால் திகைப்பு வந்துவிடுகிறது. எதை எடுக்கச் சொல்கிறார்கள்? உண்மையில் அதற்கு, ‘இந்தப் பேச்சை விட்ட இடத்திலிருந்து திங்கட்கிழமை தொடரலாம்’ என்றுதான் அர்த்தம். இது புரியாமல் போனால், வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள் என நினைத்துத் திங்கட்கிழமை அழைப்பையே தவறவிடக்கூடும்.

டாக்டர் ஜான்சன் சொன்ன கஷ்டம்

இந்தத் தடுமாற்றம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1755-ல் புகழ்பெற்ற ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சன், வினைச்சொல்லோடு ஒரு குட்டிச் சொல் ஒட்டி அர்த்தமே மாறிப்போவது வெளிநாட்டவருக்கு மிகப்பெரிய சிரமம் என்று முன்னுரையிலேயே எழுதியிருக்கிறார். இவற்றை ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்று 1925-ல் தன் புத்தகத்தில் குறிப்பிட்டவர் லோகன் பியர்சால் ஸ்மித். பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர்களில் ஒருவரான ஹென்றி பிராட்லி.

அதே 1925-ல்தான் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், தன் மாடல் டி காரை ‘பிக்கப் பாடி’யோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. லாரிக்கு பாடி கட்டுவதையே பெரிய தொழிலாகக் கொண்ட நாமக்கல்லுக்கு இது சுவாரஸ்யமான தகவல்!

இவ்வளவு அர்த்தமா?

• கீழே கிடப்பதை எடுப்பது: பிக் அப் தி பென்
• ஆளைப் போய் அழைத்து வருவது: ஐ வில் பிக் யூ அப்
• வியாபாரம், வேகம் கூடுவது: சேல்ஸ் ஹேவ் பிக்டு அப்
• நோய் தொற்றிக்கொள்வது: ஐ பிக்டு அப் எ கோல்டு
• செலவை ஏற்றுக்கொள்வது: ஹி பிக்டு அப் தி பில்
• போலீஸ் பிடித்துப்போவது: தி போலீஸ் பிக்டு ஹிம் அப்
• கேட்டுப் பழகியே கற்றுக்கொள்வது: ஷி பிக்டு அப் ஹிந்தி

இடம் பார்த்துப் பேசவேண்டிய அர்த்தமும் உண்டு. ‘பஸ் ஸ்டாண்டில் தங்கையை பிக்கப் செய்தேன்’ என்பதில் தவறே இல்லை. ‘பார்ட்டியில் ஒரு பெண்ணை பிக்கப் செய்தான்’ என்றால் விஷயம் வேறு!

நம்ம ‘எடு’ மட்டும் என்னவாம்?

இதையெல்லாம் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. தமிழில் ‘எடு’ என்ற சொல்லை யோசித்துப் பாருங்கள். தீபாவளிக்குத் துணி எடுக்கிறோம். பசி எடுக்கிறது. பரீட்சையில் மார்க் எடுக்கிறோம். டிரைவர் பஸ்ஸை எடுக்கிறார். ராசிபுரத்தில் பெண் எடுக்கிறோம். இவற்றில் எதிலுமே யாரும் எதையும் கையால் தூக்கவில்லை. தமிழ் கற்கும் வெளிநாட்டவருக்கு ‘பசி எடுக்குது’ எவ்வளவு புதிரோ, அவ்வளவுதான் நமக்கு ‘பிக் அப்’. பக்கத்தில் இருக்கும் சொல்லே அர்த்தத்தைக் காட்டிக்கொடுக்கும். பில் என்றால் செலவு, கோல்டு என்றால் தொற்று, போலீஸ் என்றால் கைது.

‘அப்’பை விட்டுடாதீங்க

அதிகம் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, ‘அப்’பை விட்டுவிடுவது. ‘ப்ளீஸ் பிக் மீ’ என்றால் ‘என்னைத் தேர்ந்தெடுங்கள்’ என்றாகிவிடும். இரண்டாவது, ‘அப்’பை இடம் மாற்றிப் போடுவது. மீ, யூ, ஹிம், ஹெர், இட், தெம் போன்ற சொற்கள் நடுவில்தான் வரவேண்டும். ‘பிக் மீ அப்’ சரி, ‘பிக் அப் மீ’ தவறு. பெயர்ச்சொல் என்றால் கவலையில்லை. ‘பிக் அப் தி போன்’, ‘பிக் தி போன் அப்’ இரண்டுமே சரி.

மனப்பாடத்தைவிடப் பயன் தரும் வழி, தினம் ஓர் அர்த்தத்தை எடுத்துக்கொண்டு சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் பேசிப்பார்ப்பது. வடமாநில ரோடுகளில் லாரி ஓட்டும் நாமக்கல் டிரைவர்கள் பலர் ஹிந்தி பேசுவார்கள். டோல்கேட்டிலும் தாபாவிலும் காதில் விழுந்ததைப் பேசிப் பேசியே கற்றுக்கொண்டவர்கள் அவர்கள். அப்படிக் கற்றுக்கொள்வதற்கும் இங்கிலீஷில் பெயர், ‘பிக் அப்’தான்!