ஆயத்த உறுப்புகளால் எளிதாகும் கணினிச் செயலிகள்

தாம்பரத்துக்குக் கிழக்கே வேளச்சேரி சாலையை ஒட்டியுள்ள செம்பாக்கம் ஒரு காலத்தில் ஏரியை நம்பி வாழ்ந்த சிற்றூர். பின்னர் பேரூராட்சியாகி, நகராட்சியாகி, 2021-ஆம் ஆண்டு நவம்பரில் தாம்பரம் மாநகராட்சியோடு இணைந்துவிட்டது. அவ்வட்டாரத்து இளைஞர் பலர் இன்று கணினி நிறுவனங்களில் பணிபுரிகின்றனர். அந்நிறுவனங்கள் கையாளும் வழிமுறை ஒன்றை நம் ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்திருப்பது பிரயோசனமாகும்.

வீடு கட்டுகிறவர் செங்கலைத் தாமே சுடுவதில்லை. வாசற்காலையும் ஆயத்தமாகவே வாங்குகிறார். ஒரு கம்பெனியின் மோட்டாரை மற்றொரு கம்பெனியின் குழாயில் பொருத்த முடிவது, மரையின் அளவு எல்லோருக்கும் பொதுவாக இருப்பதால்தான். கணினிச் செயலிகளும் இவ்வாறே உருவாகின்றன. பல செயலிகளுக்குப் பொதுவான வேலைகளை முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் தொகுப்பைச் ‘சட்டகம்’ என்பர். கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கான பொது ஒழுங்கை ‘நெறிமுறை’ என்பர். இவ்விரண்டையும் இணைத்துவிட்டால் செயலி எழுதும் உழைப்பு பெரிதும் குறைந்துவிடும்.

இதற்குச் சிறந்த உதாரணம் தாம்பரத்துக்குத் தெற்கே, கூடுவாஞ்சேரியை அடுத்துப் பெரிய வளாகம் அமைத்துள்ள ஸோஹோ நிறுவனமே. 1996-இல் அது ‘அட்வென்ட்நெட்’ என்ற பெயரில் தொடங்கியபோது, தகவல் தொடர்புக் கருவிகளைச் செய்யும் கம்பெனிகளுக்கு உதவுவதே அதன் தொழில். அக்கருவிகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க எஸ்.என்.எம்.பி. என்னும் நெறிமுறை 1988-இலேயே வகுக்கப்பட்டிருந்தது. கிராமத் தலையாரியை அறிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதிகாரி கேட்டால் தலையாரி விடை சொல்வார், கட்டளையிட்டால் செய்வார், கரை உடைந்தாலோ யாரும் கேளாமலே ஓடிவந்து தெரிவிப்பார். ஒவ்வொரு கருவிக்குள்ளும் இத்தகைய தலையாரி ஒருவரை அந்நெறிமுறை அமர்த்தியது.

ஆயினும், அதனைப் பயன்படுத்தும் மென்பொருளை ஒவ்வொரு கம்பெனியும் அடியிலிருந்து எழுத வேண்டியதாயிருந்தது. அட்வென்ட்நெட் அவ்வேலையை ஜாவா மொழியில் ஒருமுறை செய்து, ஆயத்த உறுப்புகளாகவும் சட்டகமாகவும் விற்றது. வாங்கியவர்கள் தத்தம் கருவிக்கே உரியவற்றை மட்டும் எழுதினால் போதுமானதாயிற்று. 2001-ஐ ஒட்டித் தொலைத்தொடர்புத் தொழில் சரிந்தபோது அந்நிறுவனம் அலுவலகங்களுக்கான மென்பொருள்களின் பக்கம் திரும்பி, 2009-இல் பெயரையும் மாற்றிக்கொண்டது.

மேல்நிலைத் தொட்டிக்கு ஒரு செயலி

நம் ஊராட்சியின் குடிநீர்த் தொட்டியை எடுத்துக்கொள்வோம். நீர்மட்டம் குறைந்தவுடன் மோட்டார் இயக்குநருக்குச் செய்தி வரவேண்டும். கிணற்றில் நீரில்லாமல் மோட்டார் ஓடிக் கருகிவிடலாகாது. தொட்டியில் மட்டமறியும் கருவி ஒன்றும், சிம் அட்டையுடன் கூடிய சிறு பெட்டி ஒன்றும் வைக்கிறோம். செய்தியை அனுப்ப எம்.க்யூ.டி.டி. என்னும் நெறிமுறை இருக்கிறது. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியே கண்காணிப்பதற்காக 1999-இல் தோன்றியது அது. மிகச் சிறிய செய்திகளாக அனுப்புவதால் அலைவரிசை நலிந்த கிராமாந்தரங்களுக்கும் ஏற்றது. பதிவேடு, கடவுச்சொல், படிவம் ஆகியவற்றுக்கு ஜாங்கோ போன்ற சட்டகம் உண்டு. அமெரிக்காவில் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் உருவான இதனை 2005 முதல் யாவரும் விலையின்றிப் பெறலாம்.

எஞ்சியிருப்பது நம் ஊருக்கே உரியவை மட்டுந்தான். எந்தத் தெருவுக்கு எந்நேரம் நீர் விடுவது, கோடையில் எத்தனை அடி குறைந்தால் எச்சரிப்பது, மின்சாரம் வரும் நேரம் எது என்பனவற்றை எந்தச் சட்டகமும் அறியாது. அவற்றைச் சொல்ல வேண்டியவர் வார்டு உறுப்பினரும் மோட்டார் இயக்குநருமே. மென்பொருள் எழுதுகிறவர் இவர்களிடம் அரைநாள் உட்கார்ந்து கேளாவிடில், செய்த செயலி மூலையில் கிடக்கும் என்பது நம் கருத்து.

கவனிக்க வேண்டியவை

ஆயத்த உறுப்பில் குறை இருந்தால் அது எல்லோருடைய வீட்டிலும் இருக்கும். ஜாவா மொழிச் செயலிகள் பலவற்றில் இடம்பெற்றிருந்த ‘லாக்4ஜே’ என்னும் சிறு உறுப்பில் 2021 டிசம்பரில் ஓர் ஓட்டை வெளிப்பட்டு, உலகெங்கும் நிறுவனங்கள் இரவு பகலாக அதனை அடைக்க நேர்ந்தது. இன்னொன்று, நம் கையிலேயே இருப்பது. எஸ்.என்.எம்.பி.யின் பழைய வகைகளில் இயங்கும் கருவிகள் பல, ‘பப்ளிக்’ என்ற ஒரே கடவுச்சொல்லுடன் விற்பனைக்கு வந்தன. அதனை மாற்றாமல் விடுவது, பூட்டைப் போட்டுச் சாவியைத் திண்ணையில் வைப்பதற்கு ஒப்பாகும்.

ஆகையால், ஊராட்சி இத்தகைய செயலிக்குத் தீர்மானம் இயற்றும்போது சில நிபந்தனைகளைச் சேர்த்துக்கொள்வது நல்லது. கருவி பொது நெறிமுறையில் பேசவேண்டும். அப்போதுதான் ஒரு கம்பெனி விலகினாலும் மற்றொன்றை அமர்த்த இயலும். சேர்ந்த விவரங்கள் ஊராட்சிக்கே உரியவையாக இருக்கவேண்டும். உறுப்புகளைப் புதுப்பிப்பவர் யார், எத்தனை ஆண்டுகளுக்கு என்பதும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும். மோட்டார் இயக்குநர் விடுப்பில் இருக்கும் நாளில் செய்தி யாருடைய கைப்பேசிக்குப் போகவேண்டும் என்பதையும் அப்போதே எழுதிவிடலாம்.