ஓநாயை நம்பிய அரசன்

ஓநாய் மனிதன் என்றாலே பௌர்ணமியும் வெள்ளித் தோட்டாவும்தான் நினைவுக்கு வருகின்றன. 1940-களின் ஹாலிவுட் படங்கள் அவற்றை மனதில் அப்படிப் பதித்துவிட்டன. பழைய புத்தகங்களைத் திறந்தால் கண்ணில் படுவது வேறொன்று: கழற்றி வைத்த உடை.

கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த பெட்ரோனியஸின் 'சாட்டிரிகான்' நூலில், விருந்துக்கு வந்த ஒருவன் கதை சொல்கிறான். நிலா வெளிச்சத்தில், கல்லறைகளுக்கு நடுவே, படைவீரன் ஒருவன் துணிகளைக் களைந்துவிட்டு ஓநாயாகிக் காட்டுக்குள் ஓடுகிறான். கூட வந்தவன் அந்தத் துணிகளை எடுக்கப் போனால், அவை கல்லாகிக் கிடக்கின்றன.

கழற்றிய உடை என்ற இந்தக் கருவை உச்சத்துக்குக் கொண்டுபோனவர் பன்னிரண்டாம் நூற்றாண்டின் மரீ த பிரான்ஸ். பிரெஞ்சில் எழுதிய பெண் கவிஞர்களில் மிக முந்தையவர்களுள் ஒருவர். அவருடைய 'பிஸ்க்லாவ்ரே' கதையில், பிரிட்டனியைச் சேர்ந்த பிரபு ஒருவன் வாரத்தில் மூன்று நாள் ஓநாயாகத் திரிகிறான். மனைவி துருவித் துருவிக் கேட்க, உடையை ஒளித்து வைக்கும் இடத்தையும் சொல்லிவிடுகிறான். அவள் தன்னை விரும்பும் வேறொருவனை ஏவி அந்த உடையைத் திருடவைக்கிறாள். உடையின்றி மனிதனாகத் திரும்ப முடியாமல் பிரபு காட்டிலேயே சிக்கிக்கொள்கிறான்.

வேட்டைக்கு வந்த அரசனின் நாய்கள் விரட்டும்போது, ஓநாய் ஓடிவந்து அரசன் கால் வைத்திருக்கும் அங்கவடியைப் பற்றி, அவன் பாதத்தை முத்தமிடுகிறது. அரசன் அதை அரண்மனைக்கு அழைத்துப்போகிறான். கடைசியில் உடை திரும்பக் கிடைக்கிறது. எதிரே வைத்தால் ஓநாய் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. எல்லோர் முன்னாலும் உடுத்த அதற்குக் கூச்சம். ஓநாய்க் கதைகளில் இதற்கு இணையான இடத்தை நான் படித்ததில்லை.

அதே கதையில் உறுத்தும் இடமும் உண்டு. ஓநாய் மனைவியின் மூக்கைக் கடித்துத் துண்டிக்கிறது. அரசன் அவளைச் சித்திரவதை செய்துதான் உண்மையை வாங்குகிறான். கணவன் விலங்கு என்று அறிந்த பெண்ணின் பயத்தை மரீ இன்னும் கொஞ்சம் கேட்டிருக்கலாம். மனிதன் செய்யும் கொடுமை ஓரிரு வரியில் கடந்துபோய்விடுகிறது.

அந்தக் கொடுமையை நேருக்கு நேர் பார்த்தவர் அமெரிக்கரான கை எண்டோர். 1933-ல் வந்த 'தி வேர்வுல்ஃப் ஆஃப் பாரிஸ்' நாவலில், ஓநாயாக மாறும் பெர்ட்ராண்டை 1871-ல் பாரிஸில் எழுந்த கம்யூன் கிளர்ச்சிக்குள் கொண்டுபோய் விடுகிறார். அவன் கொன்றவர்கள் சிலர். கம்யூனை ஒடுக்கிய அரசுப் படைகள் மே மாதத்தின் ஒரே வாரத்தில் கொன்று குவித்ததோ ஆயிரக்கணக்கானோரை. இந்த இரண்டு கணக்கையும் அருகருகே வைத்துக் காட்டுவதற்காகவே எழுதப்பட்ட நாவல் அது.

1961-ல் ஹாமர் நிறுவனம் இதைத் தழுவிப் படமெடுத்தபோது கதையை ஸ்பெயினுக்கு மாற்றிவிட்டது. ஓநாய் மிஞ்சியது, கம்யூன் போய்விட்டது. படத்தைப் பார்த்தவர்கள் நாவலையும் தேடிப் படிக்க வேண்டும்.