உப்பளத்திலிருந்து ஆலை வாசல்வரை: காவல் நிலையப் பதிவும் பிழைப்பும்

மரக்காணத்து உப்பளங்களில் தை, மாசியில் சூடுபிடிக்கும் உற்பத்தி, வடகிழக்குப் பருவமழை இறங்கும் ஐப்பசியில் நின்றுவிடுகிறது. பாத்திகளில் மழைநீர் தேங்கினால் உவர்நீர் நீர்த்துப்போகும் என்பதால், அளத்து வேலையை நம்பி வாழும் குடும்பங்கள் ஆண்டில் மூன்று நான்கு மாதங்களுக்கு வேறு பிழைப்பைத் தேடியாக வேண்டியிருக்கிறது. அவ்வாறு தொழிற்பேட்டைக்கோ காவலாளி வேலைக்கோ செல்லும் இளைஞரிடம் இக்காலத்தில் பள்ளிச் சான்றிதழோடு சேர்த்துக் கேட்கப்படுவது, அவர்மீது குற்ற வழக்கு ஏதும் உண்டா என்பதைக் காவல்துறையின் பதிவேடுகளிலிருந்து தெரிவிக்கும் சரிபார்ப்புச் சான்றாகும்.

இவ்வழக்கம் பரவியதற்குச் சட்டமும் தொழில்நுட்பமும் காரணங்களாக அமைந்தன. தனியார் பாதுகாப்பு முகமைகளை ஒழுங்குபடுத்தும் 2005ஆம் ஆண்டுச் சட்டம், காவலாளியாகச் சேர்பவரின் நடத்தையையும் முன்வரலாற்றையும் உறுதிசெய்துகொள்ளும் கடமையை முகமையின்மீது சுமத்தியது. பின்னர் காவல் நிலையங்களின் பதிவேடுகள் கணினி வலையமைப்பில் இணைக்கப்பட்டு, தமிழ்நாடு காவல்துறையின் இணையவழிச் சரிபார்ப்புச் சேவை தனியார் நிறுவனங்களுக்கும் திறந்துவிடப்பட்டதால், ஒரு காலத்தில் ஓர் ஊரின் எழுத்தர் மட்டுமே அறிந்திருந்த செய்தி எந்த நிறுவனத்தின் மேசைக்கும் போய்ச்சேரும் நிலை உருவாயிற்று. குழந்தைகளையும் முதியோரையும் பராமரிக்கும் பணிகளில், அப்பணிக்குத் தொடர்புடைய குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவரை விலக்கிவைப்பது நியாயமே. ஆனால் சரிபார்ப்பில் தென்படும் பதிவு பெரும்பாலும் தண்டனையின் பதிவு அன்று. முதல் தகவல் அறிக்கை என்பது குற்றம் நடந்ததாக ஒருவர் கொடுத்த தகவலைக் காவல் நிலையம் எழுதிக்கொள்ளும் ஆவணம். விசாரணை அதன் பிறகே தொடங்குகிறது, தீர்ப்போ பல ஆண்டுகள் கழித்து வருகிறது.

இந்த வேறுபாட்டை அரசுப் பணி விதிகளே மங்கச்செய்திருக்கின்றன. காவலர் தேர்வுக்குப் பொருந்தும் 1978ஆம் ஆண்டின் தமிழ்நாடு சிறப்புக் காவல் சார்நிலைப் பணி விதிகளில், காவல்துறைச் சரிபார்ப்புக்கு முன் எந்தக் குற்ற வழக்கிலும் தொடர்புடையவராக இருந்திருக்கக் கூடாது என்று 14(பி) விதி கூறுகிறது. பின்னர் சேர்க்கப்பட்ட விளக்கமோ, சந்தேகத்தின் பலனாலோ புகார்தாரர் பிறழ்சாட்சியானதாலோ விடுதலை பெற்றவரும் வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார் என்கிறது. சந்தேகத்தின் பலன் என்பது குற்றத்தை ஐயமற மெய்ப்பிக்க அரசுத் தரப்பால் இயலாதபோது குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பாகும். அரசு தன்னால் மெய்ப்பிக்க இயலாமற்போனதன் விலையை விடுவிக்கப்பட்டவரிடமே வசூலிக்கும் விதி இது. சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2008இல் இவ்விதியை ஏற்றது. அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016இல் அளித்த தீர்ப்பு, குற்றத்தின் தன்மை, இளம் வயது போன்றவற்றை எடைபோட வேண்டும் என்று வலியுறுத்திய போதிலும், உண்மையை மறைக்காமல் எழுதிக்கொடுத்தவரையும் முன்வரலாறு கருதி மறுக்கும் உரிமையை வேலை தருபவரிடமே விட்டுவைத்தது.

மரக்காணம் போன்ற ஊர்களில் இது தனிமனிதச் சிக்கலாக நின்றுவிடுவதில்லை. 2013 ஏப்ரல் 25 அன்று, மாமல்லபுரத்தில் நடந்த சித்திரை முழுநிலவு விழாவுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே வாகனங்கள் சென்றபோது மரக்காணத்தில் வெடித்த வன்முறையில் தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன, இருவர் உயிரிழந்தனர். அதைத் தொடர்ந்து வழக்குகளும் கைதுகளும் வந்தன. வீடு எரித்தவருக்குத் தண்டனை கிடைப்பதே நீதி என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. எனினும், எங்கு கலவரம் நடந்தாலும் சில பெயர்களோடு ‘மற்றும் பலர்’ என்று எழுதப்படும் அறிக்கையில் பின்னர் சேர்க்கப்படும் பெயர்களுள் குற்றம் செய்தவரும் அவ்வழியே நின்றவரும் கலந்திருக்க முடியும் என்பதையும், அவர்களைப் பிரித்தறியும் பொறுப்பு நீதிமன்றத்துடையதே அன்றி ஆலையின் மனிதவளப் பிரிவுடையது அன்று என்பதையும் மறந்துவிடலாகாது.

உப்புக்கும் காவல் பதிவேட்டுக்கும் இதைவிடப் பழைய உறவொன்று உண்டு. சிறுபாணாற்றுப்படை காட்டும் உப்பு வணிகரான உமணரைப் போலவே, பத்தொன்பதாம் நூற்றாண்டுவரை கடற்கரை உப்பை மாடுகளில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுசென்று தானியத்துக்கு மாற்றிவந்தவர்களுள் குறவர் சமூகத்தாரும் இருந்தனர். உப்புக் குறவர் என்ற பெயரே அத்தொழிலால் வந்தது. கம்பெனி அரசு 1805இல் உப்பைத் தன் ஏகபோகமாக்கியது. அரை நூற்றாண்டுக்குப் பின் இரயில் வந்து உப்பைச் சுமக்கத் தொடங்கியது. பிழைப்பை இழந்து அலைந்தவர்களை, 1911இல் சென்னை மாகாணத்துக்கு விரிவாக்கப்பட்ட குற்றப் பழங்குடியினர் சட்டம் பிறப்பாலேயே குற்றவாளிகளாகப் பதிவுசெய்தது. அப்பதிவேட்டில் பெயர் ஏறியவர் குறித்த நேரத்தில் ஆஜராக வேண்டும், ஊரைவிட்டு வெளியேற அனுமதிச் சீட்டுப் பெற வேண்டும். அச்சீட்டோடு வருபவரை எவரும் நம்பி வேலைக்கு வைப்பதில்லை. தொழிலைப் பறித்த அரசே தொழிலற்றவர் என்பதைக் குற்றத்தின் அடையாளமாக்கிய இவ்வரலாற்றை மீனா ராதாகிருஷ்ணா 2001இல் வெளியான தமது நூலில் விரிவாக ஆராய்ந்துள்ளார். சென்னை மாகாணம் 1947இல் அச்சட்டத்தை நீக்கியது. ஆனால் வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் வேறொரு சட்டம் அடுத்த ஆண்டே அவ்விடத்துக்கு வந்துவிட்டது.

பதிவொன்று வேலையைத் தடுக்கிறது என்பதை அரசு அறியாமலில்லை. மற்றோர் உப்பு நகரமான தூத்துக்குடியில் 2018இல் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள்மீது போடப்பட்ட வழக்குகளுள் பலவற்றை 2021 மே மாதம் திரும்பப் பெற்ற தமிழக அரசு, அவர்களது உயர்கல்விக்கும் வேலைவாய்ப்புக்கும் தடையின்மைச் சான்று வழங்கவும் முடிவெடுத்தது. வழக்கு முடிந்தால் மட்டும் போதாது, முடிந்ததை வேலை தருபவருக்கு அரசே எழுதித் தரவேண்டும் என்ற ஒப்புதல் அம்முடிவில் இருக்கிறது.

இந்தியச் சட்டத்தில் மறுவாழ்வுக்கான வழிகள் முற்றிலும் இல்லாமலும் இல்லை. நன்னடத்தைப் பிணையில் விடப்படும் குற்றவாளிக்கு அத்தண்டனைத் தீர்ப்பால் தகுதியிழப்பு ஏற்படாது என்று 1958ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கூறுகிறது. சிறார்க்கு 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 24ஆம் பிரிவு அத்தகைய காப்பை அளிக்கிறது. குற்றவாளி என்று தீர்க்கப்பட்டவருக்கு இவ்வளவும் தந்த சட்டம், குற்றவாளி அல்லர் என்று விடுவிக்கப்பட்ட வயதுவந்தவருக்கு இதற்கிணையான பிரிவொன்றை எழுதிவைக்கவில்லை. தூத்துக்குடிக்கு அளிக்கப்பட்ட தடையின்மைச் சான்றை, விடுதலை பெற்ற ஒவ்வொருவருக்கும் உரியதாக விதிகளிலேயே எழுத மாநில அரசால் இயலும். அதற்கு முதலில் 14(பி) விதியின் விளக்கம் நீக்கப்பட வேண்டும்.