ஊற்றண்டை செல்லும் திருப்பணி

எரிகோவின் குடிகள் எலிசாவிடம் முறையிட்டபோது ஊரைக் குறைகூறவில்லை. தண்ணீர் கெட்டதென்றும் நிலம் பலன் தரவில்லையென்றுமே கூறினர் (2 இராஜாக்கள் 2:19-22). தீர்க்கதரிசி அவர்கள் வீட்டுக் குடங்களைத் தேடிச் செல்லவில்லை. நீர் பிறக்கும் இடத்துக்கே சென்றார். பிரசங்கங்களில் நாம் எளிதில் கடந்துவிடும் இச்செய்தியின் பொருள், கெட்டுப்போன ஓர் ஆற்றைச் சீர்ப்படுத்தும் வழியை ஆராயும்போது துலங்குகிறது.

மேகாலயாவின் ஜெயின்டியா மலைகளில் எலிவளை போன்ற குறுகிய சுரங்கங்களைக் குடைந்து நிலக்கரி எடுத்தனர். நிலக்கரியோடு பைரைட் என்னும் கனிமமும் கிடைக்கிறது. அது இரும்பும் கந்தகமும் சேர்ந்தது. புதைந்திருக்கும்வரை அதனால் தீங்கில்லை. வெளியே கொட்டப்பட்டுக் காற்றும் மழைநீரும் பட்டதும் கந்தக அமிலம் உண்டாகிறது. அவ்வமிலம் பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு ஓடைகளில் இறங்குகிறது. அங்குள்ள லூக்கா ஆறு குளிர்காலத்தில் நீலநிறமாக மாறியது, மீன்கள் மடிந்தன. 2014 ஏப்ரலில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் எலிவளைச் சுரங்கங்களைத் தடைசெய்தது. சூழலைச் சீரமைக்க 100 கோடி ரூபாய் செலுத்துமாறு அது மாநில அரசுக்கு இட்ட ஆணையை 2019இல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. ஆயினும் தடை புதிய குழிகளையே நிறுத்தும்; பழைய குழிகளும் குவியல்களும் பல பத்தாண்டுகள் அமிலத்தைக் கசியவிடும்.

இதற்குப் பரிகாரம் உண்டோ? 1841இல் சிரபுஞ்சிக்கு வந்து ஊழியம் தொடங்கிய மிஷனெரி தாமஸ் ஜோன்ஸ் பிறந்த வேல்ஸ் நாடும் நிலக்கரி பூமியே. அங்கே பெலென்னா ஆறு, கைவிடப்பட்ட சுரங்கங்களின் நீரால் செம்மஞ்சளாகக் கிடந்தது. 1990களில், சுரங்கநீர் வெளிவரும் வாய்களின் அருகிலேயே அதைத் திருப்பி, நாணல் வளர்ந்த ஈரநிலங்களின் வழியே மெல்லச் செல்லவிட்டனர். இரும்பு அங்கே படிந்தது. ஆற்றுக்கு மீன்கள் திரும்பின. அமிலம் மிகுந்த இடங்களில் சுண்ணாம்புக்கல் நிரப்பிய கால்வாய்கள் அதைத் தணிக்கின்றன. ஆனால் படிந்த சேற்றை அகற்றுவதும் கல்லைப் புதுப்பிப்பதும் ஓயாத வேலை. எலிசாவின் ஊற்றில் ஒருநாளில் நிகழ்ந்த அற்புதம், நமக்கோ தலைமுறைகளின் பொறுமையாக ஒப்புவிக்கப்பட்டுள்ளது.

தோண்டியவர்கள் ஆதாயத்தோடு போய்விட்டனர். கெட்ட நீரைச் சுமப்பவர்கள் தாழ்வாரத்து ஏழைகள். "நாம் தோண்டவில்லையே" என்பது போதுமான மறுமொழியாகுமா? நெகேமியா தன் தகப்பன் வீட்டாரின் பாவத்தையும் தன்னுடையதாக அறிக்கையிட்ட பின்னரே மதிலைக் கட்டப் புறப்பட்டான் (நெகேமியா 1:6). அறிக்கையில்லாத சீரமைப்பு வெறும் பொறியியல். சீரமைப்பில்லாத அறிக்கை வெறும் வாய்ச்சொல்.

தியாகதுருகம் வட்டாரத்தில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. எனினும் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மணிமுக்தா, கோமுகி ஆறுகளின் கரைகளிலும் சபைகள் உண்டு. அறுப்பின் பண்டிகையில் மழைக்கும் நீருக்கும் ஸ்தோத்திரம் செலுத்தும் நாம், அந்த நீர் வரும் வழியில் ஒருநாளாவது சபையாரோடு ஏறி நடந்ததுண்டா? அங்கிருந்தே இத்திருப்பணி தொடங்கவேண்டும்.