தெறிவினையும் பயிற்சியும்: சிலம்பப் பயிற்சி முறை பற்றிய ஓர் உடலியல் நோக்கு

தேர்ந்த சிலம்பாட்டக்காரனுக்குக் கண் காண்பதற்கு முன்பே கை எழும் என்பர். எதிரியின் கம்பு வருந்திசையை அவனது உடலே உணர்ந்துகொள்ளும் என்றும், குருவருளாலன்றி அத்திறன் வாய்க்காது என்றும் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று குருவருள் இருந்த இடத்தில் 'ரிஃப்ளெக்ஸ்' என்ற சொல் அமர்ந்திருக்கின்றது. கராத்தே வகுப்பு விளம்பரங்களிலும் விளையாட்டு வர்ணனைகளிலும் அது தாராளமாகப் புழங்குகின்றது. சொல் மாறியதேயன்றி விளக்கம் மாறவில்லை. முன்னர் அருள் பெற்றவன் வேகமானவன். இப்பொழுது ரிஃப்ளெக்ஸ் உள்ளவன் வேகமானவன். இருவகை விளக்கத்திலும் வேகம் ஒருவனுக்கு வாய்த்த பேறாகவே கொள்ளப்படுகின்றது. உழைப்பினாற் பெறப்படும் ஒன்றாகக் கொள்ளப்படவில்லை. பயிற்சியினால் உண்மையில் எது மாறுகின்றது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையில் எமது நோக்கமாகும்.

முதலிற் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். உடலியலார் தெறிவினை எனக் குறிப்பது யாது? முழங்காற் சில்லின் கீழுள்ள நாணைத் தட்டியதும் கால் துள்ளி எழுகின்றதே, அது தெறிவினை. 1875இல் ஏர்ப், வெஸ்ட்பால் என்னும் ஜேர்மன் மருத்துவர் இருவர் அதனைத் தனித்தனியே விபரித்தனர். இழுபட்ட தசையிலிருந்து புறப்படும் கணத்தாக்கம் முண்ணாணை அடைந்து அங்கிருந்தே தசைக்குத் திரும்பிவிடுகின்றது. மூளையின் தீர்ப்பு வரும்வரை அது காத்திருப்பதில்லை. ஆதலால் ஒரு செக்கனின் நாற்பதிலொரு பங்கு அளவிலேயே தசை இயங்கத் தொடங்கிவிடுகின்றது. கண்ணருகே ஏதேனும் விரைந்து வந்தால் இமை மூடுதலும், பேரோசை கேட்டுத் தோள் ஒடுங்குதலும் இவ்வாறே நாம் விரும்பாமலே நிகழ்வன.

கம்பைத் தடுத்தல் இவ்வகையைச் சார்ந்ததன்று. கண் கண்டதை மூளை இன்னதென அறிந்து, செய்யத்தக்கதைத் தெரிந்து, பின்னரே தசைக்கு ஆணை பிறப்பிக்கின்றது. நரம்பிலே செய்தி செல்லும் வேகம் அளவிடற்கரியது என்று யொஹானஸ் முல்லர் கருதினார். அவருடைய மாணவரான ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1850இல் தவளை நரம்பிலே அதனை அளந்து, செக்கனுக்கு ஏறத்தாழ 27 மீற்றர் மட்டுமே எனக் காட்டினார். (ஆசான் அளக்க இயலாது என்றதை மாணவன் அளந்து காட்டியமை எமது ஆசான்மாரும் அறியவேண்டிய செய்தியே.) மனித நரம்புகளுட் பல இதனிலும் விரைவானவை. எனினும், ஒளியைக் கண்டதும் விரலை அசைக்குமாறு பணித்தால் நல்ல உடல்நலமுள்ள இளைஞனுக்கும் ஏறக்குறைய ஐந்திலொரு செக்கன் தேவைப்படுகின்றது. ஓசைக்கு இதனிலும் சற்றுக் குறைவு.

இவ்வளவினைக் களத்திற் பொருத்திப் பார்ப்போம். நெற்றியளவு உயரமுள்ள கம்பின் நுனி செக்கனுக்கு 15 மீற்றர் வேகத்தில் வருவதாகவும், அது கடக்கவேண்டிய தூரம் ஒன்றரை மீற்றர் எனவும் கொள்வோம். அடி வந்து சேரப் பத்திலொரு செக்கனே ஆகும். கம்பைக் கண்டபின் தடுக்க முற்படுபவனின் கை அசையத் தொடங்கும்போதே அடி விழுந்துவிடும். ஆனால் தேர்ந்தவன் தடுக்கின்றானே, அது எவ்வாறு?

இதற்கான விடை கிரிக்கெற் மைதானத்திலிருந்து கிடைத்தது. வேகப்பந்து துடுப்பாட்டக்காரனை அடைய அரைச் செக்கனுக்கும் குறைவான நேரமே எடுக்கின்றது. 1987இல் பீற்றர் மக்லியொட் என்னும் உளவியலாளர், பந்து நிலத்திற் பட்டதும் எதிர்பாராத திசையிலே திரும்புமாறு ஆடுகளத்தை அமைத்துச் சர்வதேசத் தரமுடைய துடுப்பாட்டக்காரரைச் சோதித்தார். பந்து திரும்பியபின் ஏறத்தாழ ஐந்திலொரு செக்கன் கழியும்வரை அவர்களாலும் தமது அடியை மாற்ற இயலவில்லை. அதாவது, சாதாரண மனிதனிலும் விரைவான நரம்பு அவர்களுக்கு வாய்த்திருக்கவில்லை. அவர்களது மேன்மை முன்னறிவதிலேயே தங்கியிருந்தது. பந்து வீசுவோனின் ஓட்டம், தோள், மணிக்கட்டு ஆகியவற்றிலிருந்து பந்து செல்லும் வழியை அவர்கள் முன்கூட்டியே வாசித்துக்கொள்கின்றனர்.

கம்பைப் பாராதே, ஆளைப் பார் என்று ஆசான்மார் கூறுவதன் பொருள் இப்போது விளங்கும். வீச்சிலே நுனியே மிக விரைவானது. கை அதனிலும் மெதுவானது. தோள் கையிலும் மெதுவானது. இடுப்பும் பாதமும் எல்லாவற்றிற்கும் முந்தி அசைவன. நுனியைப் பார்ப்பவன் செய்தியின் கடைசி எழுத்தைப் பார்ப்பவனாவான். பாதத்தையும் தோளையும் வாசிக்கத் தெரிந்தவனுக்குத் தேவையான நேரம் முன்னரே கிடைத்துவிடுகின்றது.

அங்ஙனமாயின் பயிற்சி எவ்வாறு அமையவேண்டும்? சலாம் வரிசை, காலடி வரிசை, வீச்சு முறைகள் ஆகியன தனியே நின்று செய்யப்படுவன. இவை உடலின் சமநிலையையும் அசைவின் சிக்கனத்தையும் தருகின்றன. அவற்றை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும், எதிரே ஆள் இல்லாதவிடத்து வாசிப்பதற்கு எதுவும் இல்லை. பத்தாண்டுகள் தனியே வீசியவனும் முதல் மோதலிலே திகைப்பதன் காரணம் இதுவே. தொங்கும் பந்தைப் பிடித்தல், ஆசான் கைவிட்ட கம்பை விழுமுன் பற்றுதல் போன்ற பயிற்சிகளும் இன்று பெருவழக்காக உள்ளன. விழுங்கம்பு ஐந்திலொரு செக்கனில் ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் இறங்கும் என்பது பாடசாலைப் பௌதிகம். எனவே, நேரத்தை அளப்பதற்கு அது நல்ல கருவி. ஆனால் விழுங்கம்பைப் பிடித்துப் பழகியவன் விழுங்கம்பைப் பிடிப்பதிலேயே தேர்ச்சி பெறுகின்றான். விழுங்கம்புக்குத் தோளுமில்லை, பாதமுமில்லை.

பயனுள்ள முறை படிப்படியாக விரிவதாகும். முதலில் இருவர் எதிரெதிர் நின்று குறித்த ஓர் அடியையும் குறித்த ஒரு தடையையும் மாறிமாறிச் செய்வர். அடி இன்னதென்பது தெரியும். வருங்கணம் மட்டும் தெரியாது. அடுத்த படியில் இரண்டு அடிகளுள் எதுவும் வரலாம். பின்னர் நான்கு. இங்கேதான் ஓர் இடர் தோன்றுகின்றது. தெரிவுகள் பெருகப்பெருக மறுவினை தாமதமாகும் என்பதை 1868இலே டொண்டர்ஸ் காட்டத் தொடங்கினார். தெரிவுகளின் எண்ணிக்கை இருமடங்காகுந்தோறும் ஏறத்தாழ ஒரே அளவு நேரம் கூடுகின்றது என 1952இல் ஹிக் நிறுவினார். ஆகவே, ஓரடிக்கு ஐந்து தடைகளைக் கற்பிக்கும் ஆசான் மாணவனை மெதுவாக்குகின்றார். பல அடிகளுக்கும் பொருந்தும் ஒருசில தடைகளைக் கற்பிப்பவரே அவனை விரைவாக்குகின்றார். மறுபுறத்தில், மிக நீண்ட பயிற்சியின் பின் இரு தெரிவுக்கும் நான்கு தெரிவுக்கும் இடையிலான தாமத வேறுபாடே மறைந்துவிடக்கூடும் என்பது 1959இல் மௌபிறே, றோட்ஸ் ஆகியோர் செய்த பரிசோதனையிற் புலனாயிற்று. பல்லாயிரம் தடவை செய்யப்பட்ட பயிற்சி அது. நாம் வியக்கும் 'அருள்' இத்தகைய எண்ணிக்கையிலேதான் ஒளிந்திருக்கின்றது.

ஏமாற்றடியின் இரகசியமும் இத்துடன் தொடர்புடையதே. ஒரு தூண்டலுக்கு மூளை விடையளித்துக்கொண்டிருக்கையில் அதனை அடுத்து உடனே வரும் மற்றொன்று காத்திருக்கவேண்டியுள்ளது. ரெல்வோர்ட் 1931இல் இதனை எடுத்துக்காட்டினார். தலைக்கு ஓங்குவதுபோற் காட்டிக் காலுக்கு அடிப்பவன் இந்த இடைவெளியிலே நுழைகின்றான்.

உண்மையான தெறிவினை சிலம்பாட்டக்காரனுக்கு நண்பனா என்ற வினாவும் எழுகின்றது. பெரும்பாலும் அது பகையே. இமை மூடுகின்றது, கழுத்து ஒடுங்குகின்றது, பிடி இறுகுகின்றது. பார்க்கவேண்டிய கணத்திற் பார்வை அறுந்துபோகின்றது. ஆகவே தற்காப்புக் கலைப் பயிற்சி தெறிவினையை வளர்ப்பதன்று. ஒருபாதி அதனைத் தணிப்பதேயாம். அச்சமில்லாத சூழலில், மெல்லிய பிரம்பினால், மெதுவான அடியிலிருந்து தொடங்கி மீண்டும் மீண்டும் எதிர்கொள்ளும்போது திடுக்கிடல் படிப்படியாகக் குறைகின்றது. அடி வாங்கினாற்றான் கண் விழிக்கும் என்று மாணவரை நையப்புடைக்கும் வழக்கம் இதற்கு நேர்மாறான விளைவையே தரும். அச்சம் திடுக்கிடலைப் பெருக்குமேயன்றிக் குறைப்பதில்லை.

உடலை உரமேற்றுவது பற்றியும் சிறிது கூறவேண்டும். களைத்தவன் முதலில் இழப்பது கையின் வலிமையை அன்று; காலின் ஒழுங்கையே இழக்கின்றான். மோதல் என்பது சில செக்கன்கள் உச்ச வேகம், சிறிது ஓய்வு, மீண்டும் உச்சம் என்றவாறு அமைவதாதலின் பயிற்சியும் அவ்வாறே அமைதல் நன்று. 1996இல் யப்பானிய அறிஞர் தபாத்தாவும் அவர்தம் குழுவினரும் வெளியிட்ட ஆய்வில், 20 செக்கன் கடும் உழைப்பும் 10 செக்கன் ஓய்வுமாக ஏழெட்டு முறை செய்யும் பயிற்சி ஆறு வாரங்களில் ஒட்சிசன் உள்ளெடுப்பையும் ஒட்சிசனின்றி உழைக்கும் ஆற்றலையும் ஒருங்கே உயர்த்தியது. கயிறு பாய்தலையோ காலடி வரிசையையோ இவ்வளவில் செய்யலாம். என்புகளும் சுமைக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்வன என்பது வொல்வ் 1892இல் வகுத்த விதி. ஆயின் அம்மாற்றம் மாதக்கணக்கிலே நிகழ்வது. போதிய உணவின்றி நிகழாதது. பகல் முழுதும் வயலிலோ தோட்டத்திலோ உழைத்துவிட்டு மாலையிற் கம்பெடுக்கும் இளைஞனிடம் இன்னும் நூறு முறை எனக் கேட்குமுன் அவன் உண்டானா என்று கேட்பது உடலியலின் முதற் பாடம்.

இனி, களப் பயிற்சியின் இடம் பற்றியது. யப்பானில் ஜிகோரோ கானோ 1882இல் கொடோகானை நிறுவியபோது, பழைய யுயுற்சுவின் அபாயமான அடிகளையும் முறிப்புகளையும் சுதந்திர மோதலிலிருந்து நீக்கினார். இதனாற் கலை மென்மையாகிவிட்டது என்றனர் சிலர். நடந்தது வேறு. அபாயம் நீங்கியமையால் மாணவர்கள் நாள்தோறும் முழுவலிமையுடன், எதிர்க்கும் ஆளுடன் பயில முடிந்தது. மறைத்து வைத்த கொடிய அடிகளைவிட, அன்றாடம் சோதிக்கப்பட்ட எளிய வீழ்த்தல்கள் வலிமை பெற்றன. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி அதிபராகவும் விளங்கிய கானோ கலையைக் குருவின் வீட்டு முற்றத்திலிருந்து கல்விக்கூடத்துக்குக் கொண்டுவந்தவர் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. கடைசி அடியை மாணவனுக்குச் சொல்லாமல் வைத்துக்கொள்ளும் வழக்கத்திற்கு அங்கே இடமிருக்கவில்லை.

எமது சூழலிலோ சிலம்பம் பெரும்பாலும் திருவிழாவிலும் பாடசாலை மேடையிலும் அலங்கார வீச்சாகவே காட்சி தருகின்றது. அலங்காரம் கண்ணுக்கு இனியது. அதனைக் கைவிடுமாறு நாம் கோரவில்லை. ஆனால் தொடுமுறை ஆட்டம் அருகிவிட்ட இடத்தில் வாசிக்கும் கண்ணும் அருகிவிடுகின்றது. கம்பின் நுனியிலே சாம்பலோ வண்ணமோ பூசி, உடலிற் பட்ட தடத்தைக்கொண்டு வெற்றி தோல்வி காணும் முறை சிலம்பத்துக்குப் புதியதன்று. மெல்லிய பிரம்பும் தலைக்கவசமும் இருந்தால் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளும் அதனை ஆடலாம். வாரத்தில் இருநாள் வரிசை பழகும் ஒரு குழுவினர் மூன்றாம் நாளை இதற்கென ஒதுக்குவாராயின், சில மாதங்களிலேயே பிள்ளைகளின் பார்வை கம்பின் நுனியிலிருந்து எதிராளியின் தோளுக்கு இடம்பெயர்வதை ஆசானே காண்பார்.